வீட்டு டிராயிங் போடும்போதே கிளீனிங்கையும் யோசிங்க

போன மாசம் தாம்பரம் பக்கம் ஒரு வீட்ல பாத்ரூம் சுவத்துக்கு வெளிப்பக்கம் ஓதம் ஏறுதுன்னு பாக்க கூப்பிட்டிருந்தாங்க. உள்ள போனா அந்த வீட்டம்மா, அறுபது வயசு இருக்கும், சின்ன முக்காலி போட்டு உக்காந்து பழைய டூத்பிரஷ்ஷால டைல்ஸ் ஜாயிண்ட்ட தேச்சுகிட்டு இருந்தாங்க. வாராவாரம் ஞாயித்துக்கெழம இதுதானாம், கறை போகலன்னா ஆசிட் ஊத்துவாங்களாம். வீடு கட்டி 3 வருஷம்தான் ஆச்சு.

ஓதத்துக்கு காரணம் அங்கயே தெரிஞ்சுபோச்சு. ஜாயிண்ட்ல அடச்சிருந்தது ஒயிட் சிமெண்ட். ஆசிட் பட்டா சிமெண்ட் அரிச்சுகிட்டே போகும், சொரசொரன்னு ஆகும், அதுல அழுக்கு இன்னும் நல்லா ஒட்டும், மறுபடி ஆசிட், கடைசில ஜாயிண்ட் தொறந்து தண்ணி டைல்ஸுக்கு அடில எறங்கிடுது. ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி பாத்தேன், பாதி தண்ணி நானி ட்ராப் (தரைல தண்ணி வெளியேற வைக்கற ஓட்ட) பக்கமே போகல, கதவோரம் தேங்கி நின்னுச்சு. போர் தண்ணி வேற, நின்ன எடத்துல காய காய வெள்ளையா உப்பு படியுது. அந்தம்மா இத்தன நாள் தேச்சது அழுக்க இல்லங்க, டைல்ஸ் போட்டவர் சரியா குடுக்காம விட்ட வாட்டத்த, அதாவது தண்ணி ஓடற சரிவ. எனக்கு மனசு கஷ்டமா போச்சு.

அதனால வீடு கட்றவங்க கிட்ட கெஞ்சி கேக்கறேன், பாத்ரூம்ல வாட்டம் சரியா இருக்கான்னு நீங்களே நின்னு பாருங்க. 5 அடி நீளத்துக்கு முக்கால் இன்ச்லேர்ந்து 1 இன்ச் வரைக்கும் எறக்கம் வேணும். மேஸ்திரிக்கு கடைசி காசு குடுக்கறதுக்கு முன்னாடி 2 பக்கெட் தண்ணி ஊத்துங்க, எங்க நிக்குதோ அந்த எடத்த அன்னிக்கே பிரிச்சு போட சொல்லுங்க. ஜாயிண்ட் அடைக்க ஒயிட் சிமெண்ட்டுக்கு பதிலா எபாக்சி (பிசின் மாதிரி கலந்து அடைக்கற கலவை) கேளுங்க. வேல கஷ்டம் சார், சீக்கிரம் எறுகிடும், உடனே உடனே தொடைக்கணும்னு மேஸ்திரி சலிச்சுக்குவார், காசும் ஜாஸ்திதான், ஆனா அது தண்ணிய குடிக்காது, கறையும் லேசுல பிடிக்காது. ஹாலுக்கு பெரிய டைல்ஸ் போடுங்க, 10க்கு 10 ரூம்ல 1 அடி டைல்ஸ்னா 100 வரும், 2 அடின்னா 25தான், ஜாயிண்ட் பாதியா கொறஞ்சிடும். பாத்ரூம் தரைக்கு மட்டும் சின்ன டைல்ஸே நல்லது, பெருசுல வாட்டம் எடுக்க வராது.

இன்னொன்னு, இத தயவுசெஞ்சு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா போடாதீங்க, ஒண்ணு போட்டு கழுவாம அதுமேல இன்னொன்ன ஊத்தறதும் அதேதான். குளோரின் வாயு கெளம்பும், கதவ சாத்திகிட்டு சின்ன பாத்ரூமுக்குள்ள உக்காந்து தேய்க்கறவங்களுக்கு மூச்சு அடச்சிடும், உயிருக்கே ஆபத்து.

கிச்சன்ல மேல் கப்போர்ட கூரை வரைக்கும் ஏத்திடுங்க. நடுவுல ஒரு அடி கேப் விட்டா அங்க தாளிக்கற எண்ணெப் பிசுக்கும் தூசியும் சேந்து தார் மாதிரி ஆயிடும், ஸ்டூல் போட்டு ஏறினாலும் சொரண்டி எடுக்க முடியாது. அடுப்புக்கு பின்னாடி டைல்ஸ் 2 அடியோட நிறுத்தாம கப்போர்ட் அடி வரைக்கும் போடுங்க. ஃபால்ஸ் சீலிங்ல லைட் ஒளிச்சு வைக்கற பள்ளம் கேக்கறாங்க, ஒட்டடக்குச்சி உள்ள போகுமான்னு யாரும் கேக்கறதில்ல.

கட்டில் விஷயத்துல வழி ரெண்டுதான். ஒண்ணு மாப் தாராளமா உள்ள போய் வர்ற ஒசரம், இல்லன்னா தரையோட ஒட்டி மூடின பெட்டி. 2 இன்ச் 3 இன்ச் கேப் இருக்கற கட்டில வாங்கிடாதீங்க, தொடப்பம் போகாது ஆனா தூசி மட்டும் போகும்.

குளிச்சு முடிச்சதும் வைப்பரால தண்ணிய தள்ளி விடுங்க, ஒரு நிமிஷ வேல, உப்பு பெருசா படியாது.

இப்பல்லாம் டிராயிங் பேச வர்றவங்க கிட்ட, அடுத்த தடவ வரும்போது வீட்ட பெருக்கித் தொடைக்கறவங்களையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிடறேன். நேத்து ஒருத்தர் அவங்க அம்மாவ கூட்டிட்டு வந்தார். அந்தம்மா பிளான பாத்துட்டு மொதல்ல கேட்டது, "தம்பி, வெளில இருந்து வந்தா கால் கழுவ கொழாய் எங்க இருக்கு?" பிளான்ல இல்ல. வாசப்படிக்கு இடது பக்கம் போட்டாச்சு.