ஃபர்னஸ் கதவுக்கு டேப் ஒட்டாதீர்கள், தயவுசெய்து
குளிர் தொடங்கிவிட்டால் டொராண்டோவில், ஸ்காபரோ பக்கத்து பேஸ்மண்ட்களில் இதே கூத்துதான்: வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் கீழ்க்கதவு, பிடிக்கிற தாழோ ஸ்குரூவோ போய், ஒரு பக்கம் தொங்கும், சுற்றிச் சாம்பல் நிறத் துணி டேப். போன வாரம் ஒரு வீட்டில் உள்ளே இருக்கும் கதவு சுவிட்சையும் அமுக்கி டேப் ஒட்டியிருந்தார்கள். கேட்டால், "அது சும்மா மூடிதானே தம்பி, ஃபர்னஸ் வேலை செய்யுதே!"

சும்மா மூடி இல்லை, ஐயா. அதற்குப் பின்னால் இருப்பது வீட்டுக் காற்றை எல்லாம் இழுக்கிற ஃபேன். கதவில் இடைவெளி இருந்தால் அது பேஸ்மண்ட் காற்றையே உறிஞ்சும்; பக்கத்தில் புகைக்குழாய் வைத்த பழைய கேஸ் வாட்டர் ஹீட்டர் நின்றால், மேலே போகவேண்டிய அதன் புகை கீழே திரும்பி, அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு பிள்ளைகள் படுக்கிற அறை வரை போகலாம். மணமும் இராது, நிறமும் இராது. கதவு திறந்தால் எல்லாம் நிற்கட்டும் என்றுதான் அந்த சுவிட்சை வைத்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள், அது கடைசிக் காவல். துணி டேப் டக்டுக்கே (காற்று போகும் தகடுக் குழாய்க்கே) தாங்காது என்று அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் 1998இலேயே சோதித்துச் சொல்லிவிட்டது.

சரி, கதவைப் பிடிக்கிற ஸ்குரூவையோ தாழையோ மாற்றலாம். முதலில் கரண்டை நிறுத்துங்கள்.

அறுகோணத் தலை ஸ்குரூ என்றால் பெரும்பாலும் நம்பர் 8, அரை அங்குலம். ஓட்டை தேய்ந்து சும்மா சுற்றினால் நம்பர் 10 போடுங்கள், நீளத்தை மட்டும் கூட்டாதீர்கள். கையில் கிடைத்த கறுப்பு டிரைவால் ஸ்குரூவை ஏற்றி வயரைக் குத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன், ஏ.சி. காயிலைக் குத்தி அதன் குளிரூட்டும் கேஸை வெளியேற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன் (அந்த பில்லைப் பார்த்தபிறகு யாரும் ஸ்குரூ விலையைப் பேசுவதில்லை).

கால் சுற்றில் திறக்கிற தாழ் என்றால், உடைந்தது முன்பக்கத் தலையா, பின்பக்கத்து வளைந்த கம்பியா என்று பாருங்கள். கம்பி போயிருந்தால் புதுத் தலை வாங்கிப் பயனில்லை. தலையின் விட்டம், கழுத்தின் நீளம், கம்பியைப் பிடிக்கும் இரண்டு ரிவெட்டுகளுக்கு இடைத்தூரம், மூன்றையும் அளந்து, பழையதையும் கடைக்குக் கொண்டுபோங்கள். கழுத்து கொஞ்சம் நீண்டாலும் கதவு ஆடும். கதவின் உள்பக்கம் மாடல் எண் ஒட்டியிருந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டியபின் கரண்டைத் திரும்பப் போட்டு, ஃபேன் ஓடும்போது கதவோரமாக ஒரு டிஷ்யூவைப் பிடியுங்கள். இழுத்தால் இன்னும் இடைவெளி இருக்கிறது. கதவுத் தகடே வளைந்திருந்தால் தாழோடு மல்லுக்கட்டாமல் ஆளைக் கூப்பிடுங்கள். ஒன்டாரியோவில் கேஸ் பக்கம் கைவைக்க வருபவரிடம் டி.எஸ்.எஸ்.ஏ. (மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், இந்த வேலை செய்கிற நாங்கள் யாரும் கோபிக்க மாட்டோம்.