ரீச்சபிலிட்டி: அணுகல் அல்ல, எட்டல்

தரவுத்தளப் பாடக் குறிப்பு ஒன்றின் தமிழாக்கத்தைப் போன வாரம் மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தார்கள். ‘நகரும் பொருள்களின் அணுகல்தன்மை வினவல்’ என்று தலைப்பு. வினவல் என்றால் தரவுத்தளத்திடம் கேட்கிற கேள்வி. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வைத்த பேருந்துகளைப் பற்றியதாக்கும் என்று நினைத்தேன். உள்ளே இருந்ததோ தொற்று பரவும் கதை. அணுகல்தன்மை என்ற சொல்லை இந்த இடத்தில் பார்ப்பது எனக்கு இது நாலாவது தடவை.

மூலச்சொல் ரீச்சபிலிட்டி. கையை நீட்டுவதைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து ‘ரீச்’ வந்தது. கணினியியலில், ஒரு புள்ளியிலிருந்து இணைப்புகள் வழியே இன்னொன்றுக்குப் போய்ச்சேர முடியுமா என்பது பொருள். ஆட்கள் நகரும்போது அந்த இணைப்பு சந்திக்கிற நேரத்துக்குத்தான் உண்டு. 9 மணிக்கு டீக்கடையில் முருகனும் செல்வியும் நிற்கிறார்கள். 10 மணிக்கு பஸ்ஸில் செல்வி பக்கத்தில் கபூர். முருகனின் சளி கபூருக்கு எட்டும். கபூரின் சளி அந்தச் சந்திப்புகள் வழியே முருகனுக்கு எட்டாது.

10,000 பேர் என்றால் ஏறக்குறைய 5 கோடி இணைகள். அத்தனையையும் நிமிடத்துக்கு நிமிடம் ஒப்பிட்டால் விடிந்துவிடும். அதனால் ஊரைக் கட்டங்களாகவும் நாளை நேரத்துண்டுகளாகவும் பிரித்து அட்டவணையிடுகிறார்கள். முருகனின் சளி கபூருக்கு எட்டுமா என்று பார்க்க, முருகன் நின்ற கட்டத்தில் தொடங்கி, தொற்று பட்டவர்கள் போகிற கட்டங்களை மட்டும் திறந்து பார்ப்பார்கள். கபூர் அகப்பட்டதும் தேடல் நிற்கும்.

இதில் அணுகல் எங்கே வந்தது? முருகன் கபூரை அணுகவே இல்லை, முகம்கூடப் பார்த்ததில்லை. அணுகுதல் என்றால் பக்கத்தில் வருதல். அது ஒரே தாவல், நடுவில் ஆள் கிடையாது. ‘நோய் அணுகாது’ என்கிறோமே என்பார்கள். சரி, அங்கேயும் நோய் பக்கத்தில் வரவில்லை என்பதுதான் பொருள். யார் கைமாறி வந்தது என்ற கணக்கே கிடையாது. அப்புறம், அணுகல்தன்மை மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியைக் குறிக்க ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல். ‘அடைவு’ என்று ஒரு போட்டிச் சொல்லும் உலவுகிறது. அதைப் பள்ளிக்கூடத்து அடைவுத் தேர்வு எப்போதோ எடுத்துக்கொண்டது.

செய்தி காதுக்கு எட்டுகிறது. அது யார் யார் வாய் வழியாக வந்தது என்று நாம் கேட்பதில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்ற பழமொழியில் கை, வாய் என்று படிகூட வரிசையாக இருக்கிறது. வினவலும் ‘எட்டுமா?’ என்ற ஒரே சொல்லில் முடிகிறது. இவ்வளவும் வீட்டிலேயே கிடக்க, மொழிபெயர்ப்பவர்கள் கலைச்சொல் பட்டியலைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை ஒட்டுகிறார்கள். ‘தன்மை’யைச் சேர்த்துவிட்டால் அறிவியல் ஆகிவிடும் என்று நினைப்பு.

‘எட்டல் வினவல்’ என்று திருத்தி அனுப்பினேன். எட்டு எண்ணாயிற்றே, மாணவர்கள் குழம்புவார்களே என்று பதில் வந்தது. ஆறும் எண்தான். காவிரியைப் பார்த்து யாரும் விரல்விட்டு எண்ணியதில்லை.