மில்லிமீட்டருக்கு 3,160 கோடுகள்

சேலம் சூரமங்கலம் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், பழைய சிஎன்சி மில்லிங் மெஷின் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைச் செதுக்குவது) ஒன்று வாங்கினேன். 300 மில்லிமீட்டர் போ என்றால் திரையில் 300.000 என்று காட்டுகிறது. நிஜமாகவே அவ்வளவுதான் போகிறதா? லேசர் வைத்துப் பார்க்க ஆள் கூப்பிட்டால் ஒரு மாதக் கடை வாடகையைக் கேட்கிறார்கள். அந்தக் கருவியை நாமே செய்ய முடியாதா?"

முடியும். என் வீட்டு மாடியில் ஒன்று இருக்கிறது.

முதலில் திரையில் வரும் எண்ணைப் பற்றி. மெஷின் பெரும்பாலும் டேபிளைத் தள்ளும் தன் ஸ்க்ரூ எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, அதைத்தான் மில்லிமீட்டராக மாற்றிக் காட்டுகிறது. ஸ்க்ரூவே தேய்ந்திருந்தாலோ சூட்டில் நீண்டிருந்தாலோ அதற்குத் தெரியாது. டேபிள் எவ்வளவு நகர்ந்தது என்று வெளியே இருந்து யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையை ஒளி செய்யும்.

அடிப்படை பன்னிரண்டாம் வகுப்பில் படித்ததுதான். ஒரு ஒளிக்கற்றையை, பாதியை உள்ளே விட்டுப் பாதியைத் திருப்பும் அரைப் பூச்சுக் கண்ணாடியால் இரண்டாகப் பிரித்து, ஒன்றை அசையாத கண்ணாடிக்கும் மற்றதை நகரும் கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வரும்போது சேர்த்தால், அலைகள் ஒத்துப்போன இடத்தில் வெளிச்சம், முரண்பட்ட இடத்தில் இருட்டு. மைக்கேல்சன் 1881-லேயே இதைச் செய்துவிட்டார். ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 632.8 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). ஒளி போய்த் திரும்புவதால், கண்ணாடி அதில் பாதி, அதாவது 316.4 நானோமீட்டர் நகர்ந்தாலே ஒரு முறை வெளிச்சம், ஒரு முறை இருட்டு. மில்லிமீட்டருக்கு 3,160 தடவை. 300 மில்லிமீட்டருக்கு ஒன்பதரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஒரு பழைய லேசர் குழாய், சமையல் மேடை கிரானைட்டில் மிஞ்சிய துண்டு, மூலைக் கண்ணாடிகள் இரண்டு, வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் போட்டோடயோடுகள், இவ்வளவுதான் சாமான். மூலைக் கண்ணாடி என்பது மூன்று கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்த்தது, எப்படி ஆடினாலும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். விக்ரம் லேண்டரோடு நிலவுக்குப் போனதும் இதே வகைதான். கடையில் கிடைக்கும் சாவிக்கொத்து லேசர் வேண்டாம், சூடு ஏற ஏற அதன் அலைநீளம் தாவும். நம் குழாயில் ஒளி தரும் நியான் அணு அப்படி விடாது. எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் சும்மா எரியவிட்டாலும் பத்து லட்சத்தில் மூன்று பங்குக்கு மேல் விலகாது. மீட்டருக்கு வெறும் 3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்)! பெட்டியும் ஸ்டாண்டும் நாம் செய்தவை, அளவுகோலில் கோடு போட்டது மட்டும் இயற்கை. (குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும். அதைத் தொடாதீர்கள், கற்றையை நேராகப் பார்க்காதீர்கள்.)

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று எண்ணிக்கொண்டே போகிறோம். டேபிள் முன்னால் போகிறதா, பின்னால் வருகிறதா? ஒரு போட்டோடயோடுக்கு இரண்டும் ஒன்றுதான். டேபிள் நிற்கும்போது லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் முழுவதையும் முன்னால் போன கணக்கில் சேர்த்துவிடும்.

கொடியில் காயும் கோடு போட்ட சேலையை, சுவரில் இருக்கும் ஒரு ஓட்டை வழியாகப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோடுகள் கடப்பது தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. பக்கத்தில் கால் கோடு தள்ளி இன்னொரு ஓட்டை போடுங்கள். கறுப்பு எந்த ஓட்டைக்கு முதலில் வருகிறதோ, சேலை அந்தப் பக்கமிருந்து வருகிறது. அவ்வளவுதான் சூத்திரம்.

லேசரில் சேலைக் கோடுகளை உண்டாக்க, ஒரு கற்றை திரும்பி வரும் வழியில் மட்டும் ஒரு சாதாரணக் கண்ணாடித் துண்டு வைத்தேன். அதன் இரண்டு பக்கமும் முழுக்க இணையாக இருக்காது, அந்தத் துளிச் சாய்வே போதும். லென்ஸால் விரித்ததும் சுவரில் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள். கால் கோடு இடைவெளியில் இரண்டு டயோடு. இரண்டும் வெளிச்சம், இடது இருட்டு, இரண்டும் இருட்டு, வலது இருட்டு, இந்த வரிசையில் வந்தால் கூட்டு. வரிசை திரும்பினால் கழி. நடுவழியில் திரும்பினாலும் கணக்கு தவறாது. ஒரு கோட்டுக்கு நான்கு நிலை கிடைப்பதால் ஒரு எண் என்பது வெறும் 79 நானோமீட்டர். முதல்முறை அது ஓடிய இரவில் கிரானைட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். 14, 15, 17 என்று எண் ஏறியது. விரலை எடுத்தேன், 0. கல் வளைந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் காற்று. ஒளியின் அலைநீளம் காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். இதே கருவியை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக் கொண்டுபோய் வைத்து, எண்களைத் திருத்தாமல் விட்டால், ஒரு மீட்டரை 25 மைக்ரானுக்கு மேல் குறைத்துச் சொல்லும். அதனால் காற்றழுத்தமும் வெப்பநிலையும் அளக்கும் சென்சார் கட்டாயம். இரும்புக்கும் தனிக் கணக்கு உண்டு. உலகம் முழுக்க நீளம் என்றால் 20 டிகிரியில் உள்ள நீளம். மே மாதப் பட்டறையில் 38 டிகிரி இருந்தால் 300 மில்லிமீட்டர் இரும்பு 62 மைக்ரான் நீண்டிருக்கும். ஒளி அதோடு சேர்ந்து நீளாது, ஆகவே டேபிளிலும் ஒரு தெர்மாமீட்டரை ஒட்டுங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அளவு தவறும்போது வாஸ்து பார்த்து மெஷினைத் திருப்பி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வையுங்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் மெஷினை நகர்த்தினால் லெவல் போகும், இருந்த துல்லியமும் கெடும். இத்தனை பட்டறை இருக்கும் மாவட்டத்தில், பாலிடெக்னிக் மாணவர்கள் செய்து பழக இப்படி ஒரு மேசையை அமைக்கப் பெரிய நிதி வேண்டியதில்லை. ஆராய்ச்சிப் பணம் இந்த அளவுக்கும் இறங்கி வர வேண்டும் என்பது என் தீராத ஆசை.

வாசகரின் பட்டறைக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் போனோம், ஃபேனையும் நிறுத்திவிட்டோம். சூட்டுக் கணக்கைக் கழித்த பிறகு 300-க்கு 41 மைக்ரான் அதிகம் போனது, அதுவும் நேர்கோடாக ஏறிக்கொண்டே. திரும்பும்போது 9 மைக்ரான் பேக்லாஷ், அதாவது ஸ்க்ரூ திசை மாறும்போது வரும் தொய்வு. நேர்கோடு என்றதும் அவர் முகம் தெளிந்தது, மெஷினிலேயே திருத்த எண் போட்டுவிடலாமே. போட்டார். மறுபடி ஓட்டினோம். பிழை 4 மைக்ரான்.