டூரிஸ்ட் விசா கையில் இருக்கிறது, ஆன்வர்ட் டிக்கெட்டும் வேண்டுமா?

விசா கிடைத்துவிட்டது. போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்தாயிற்று. எப்போது, எந்த ஊரிலிருந்து கிளம்புவது என்பதை அங்கே போய் முடிவு செய்துகொள்ளலாம் என்று நினைப்பு. செக்-இன் கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய ஊழியர், "ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டுங்கள்" என்கிறார். இப்படி ஒரு விதி இருப்பதே பலருக்கு அந்த இடத்தில்தான் தெரியவருகிறது. விமானம் கிளம்ப இரண்டு மணி நேரம்கூட இருக்காது.

நீங்கள் நுழையும் நாட்டை விட்டு, அங்கே தங்க அனுமதித்த நாள்களுக்குள் வெளியேறுவதற்கான டிக்கெட்டைத்தான் ஆன்வர்ட் டிக்கெட் என்கிறார்கள். புறப்பட்ட நாட்டுக்கே திரும்பினால் ரிட்டர்ன், வேறொரு நாட்டுக்குப் போனால் ஆன்வர்ட். பெரும்பாலான நாடுகளுக்கு இரண்டில் ஏதாவது ஒன்று போதும். ஆனால் அந்த மூன்றாவது நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். விசா தேவைப்படும் நாட்டுக்கு, விசா வாங்காமல் டிக்கெட் மட்டும் எடுத்து வைத்திருந்தால் அது ஆதாரமாக நிற்காது.

சரி, கட்டாயமா இல்லையா? எந்த நாட்டுக்குப் போகிறோம் என்பதை மட்டும் வைத்து இதற்குப் பதில் தேடுவதால்தான் குழப்பம் வருகிறது. எந்த வழியில் நுழைகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே நாடு, விசா இல்லாமல் வருபவரிடம் ஒன்று கேட்கும், தூதரகத்தில் விசா வாங்கி வருபவரிடம் வேறொன்று கேட்கும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். விசா விலக்குத் திட்டத்தின்கீழ் 90 நாள் வரை தங்க வருபவர் விமானத்தில் வந்தால் ரிட்டர்ன் அல்லது ஆன்வர்ட் டிக்கெட் வைத்திருக்க வேண்டும். அந்த டிக்கெட் கனடா, மெக்சிகோ, பெர்முடா, கரீபியன் தீவுகள் ஆகியவற்றில் முடியவும் கூடாது, பயணி அங்கே குடியிருப்பவராக இருந்தால் ஒழிய. பக்கத்து நாட்டுக்கு ஒரு மலிவு டிக்கெட் எடுத்துச் சமாளித்துவிடலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது. அதே அமெரிக்காவுக்கு பி-2 சுற்றுலா விசா வாங்கிப் போகிறவருக்கு இப்படியொரு டிக்கெட் நிபந்தனை இல்லை. இதைக் கேட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். விசா இருந்தாலும் உள்ளே விடுவதும், எத்தனை நாள் என்று குறிப்பதும் நுழைவாயிலில் இருக்கும் அதிகாரியின் முடிவு. "எப்போது திரும்புகிறீர்கள்?" என்று அவர் கேட்டால், தேதி போட்ட டிக்கெட்டைப் போல நேரான பதில் வேறில்லை.

பிலிப்பைன்ஸுக்கு விசா இல்லாமல் 30 நாள் போக அனுமதி பெற்ற நாட்டவர்கள் ஆன்வர்ட் அல்லது ரிட்டர்ன் டிக்கெட் இல்லாமல் போக முடியாது. இந்தோனேசியாவில் இறங்கியதும் விசா வாங்குகிறவர்களுக்கும் இதே நிபந்தனை. தாய்லாந்தின் விசா ஆன் அரைவல் 15 நாளுக்கானது என்பதால், அந்த 15 நாளுக்குள் வெளியேறும் உறுதியான டிக்கெட்டைக் கேட்கிறார்கள். இலங்கையின் மின்னணு அனுமதியும் இந்தியாவின் இ-டூரிஸ்ட் விசாவும் விண்ணப்பத்தின்போதே ரிட்டர்ன் டிக்கெட்டைப் பற்றியும் கையிருப்புப் பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகின்றன. இ-விசா மின்னஞ்சலில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து, அந்த நிபந்தனைப் பக்கத்தைப் படிக்காமல் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். தயவுசெய்து படியுங்கள்.

நியூசிலாந்தின் விதி நியாயமானது என்பேன். ஆன்வர்ட் டிக்கெட் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதை வாங்கும் அளவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். அந்தப் பணம், தங்கும் செலவுக்குக் காட்ட வேண்டிய மாதம் 1,000 நியூசிலாந்து டாலருக்கு மேல் தனியாக இருக்க வேண்டும். தங்குமிடத்துக்கு முன்பே பணம் கட்டியிருந்தால் செலவுக் கணக்கு மாதம் 400 டாலர்.

ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் நிலை இதற்கு நெருக்கமானது. அவற்றின் 2016-ஆம் ஆண்டு எல்லைச் சட்டத் தொகுப்பு, தங்கும் நாள்களுக்கும் திரும்பிப் போவதற்கும் போதிய வசதி இருக்க வேண்டும் என்கிறது. பயண நோக்கத்துக்கு ஆதாரமாக அதிகாரி கேட்கக்கூடியவற்றின் பட்டியலில் ரிட்டர்ன் டிக்கெட்டும் இருக்கிறது. டிக்கெட் இல்லாத எல்லோரையும் திருப்பி அனுப்பு என்று அது சொல்லவில்லை, கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும் என்கிறது. பிரிட்டனிலும் தங்கும் காலம் முடிந்ததும் கிளம்பிவிடுவீர்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதே அடிப்படை.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் பயணம் பெரும்பாலும் தடைபடுவது குடிவரவு அதிகாரியிடம் இல்லை, அதற்கு வெகு முன்பே, கிளம்பும் ஊரில், விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில். இதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால் அந்த ஊழியர்மேல் கோபம் வராது.

சர்வதேச விமானப் போக்குவரத்து பற்றி 1944-இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் 9-ஆம் பின்னிணைப்பின்படி, பயணியிடம் போகும் நாட்டுக்குத் தேவையான ஆவணங்கள் இருக்கின்றனவா என்று ஏற்றும்போதே பார்க்க வேண்டியது விமான நிறுவனத்தின் பொறுப்பு. அந்த நாடு அனுமதி மறுத்தால் பயணியைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதும் அதே நிறுவனம்தான். சரியான பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாதவரை ஏற்றி வந்தால் அபராதமும் உண்டு. பிரிட்டனில் ஒரு பயணிக்கு 2,000 பவுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001-ஆம் ஆண்டு உத்தரவு, குறைந்தபட்ச அபராதம் 3,000 யூரோவுக்கோ, உச்ச அபராதம் 5,000 யூரோவுக்கோ கீழே போகாதபடி சட்டம் செய்யுமாறு உறுப்பு நாடுகளுக்குச் சொன்னது.

எனவே அந்த ஊழியர் தன் கணினியில் டைமாடிக் என்ற தரவுத்தளத்தைப் பார்க்கிறார். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்துவது அது. உங்கள் குடியுரிமை, போகும் நாடு, வழியில் மாறும் நாடு, விசா வகை எல்லாவற்றையும் கொடுத்தால் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று சொல்லும். அதில் "ரிட்டர்ன் அல்லது ஆன்வர்ட் டிக்கெட் வேண்டும்" என்று வந்தால் அவர் கேட்டே தீருவார். "போன தடவை யாரும் கேட்கவே இல்லையே" என்ற வாதம் அங்கே உதவாது. போன தடவை கேட்காமல் விட்டது உங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். இதே தகவலைப் பொதுமக்களும் பார்க்க முடியும், பல விமான நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே இந்தத் தேடலை வைத்திருக்கின்றன. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விசா வகைக்கு டிக்கெட் தேவையில்லை என்று அதில் இருந்தால், கவுன்ட்டரில் பேச உங்களுக்கு இருக்கும் வலுவான துணை அதுதான்.

இனி, டம்மி டிக்கெட், அதாவது காட்டுவதற்காக மட்டும், பணம் கட்டாமல் எடுத்து வைக்கும் முன்பதிவுக் காகிதம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் வம்பில் மாட்டுபவர்கள் பலரும் ஏமாற்றும் எண்ணமில்லாத சாதாரண மனிதர்கள். இட முன்பதிவு வேறு, பணம் கட்டி வழங்கப்பட்ட டிக்கெட் வேறு. முன்பதிவுக்கு 6 எழுத்தும் எண்ணும் கலந்த பி.என்.ஆர். கிடைக்கும். டிக்கெட்டுக்கு 13 இலக்க எண் இருக்கும், அதில் முதல் 3 இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். பணம் கட்டாத முன்பதிவு சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தானாக ரத்தாகிவிடும். நீங்கள் கவுன்ட்டருக்குப் போகும்போது அது உயிரோடு இருக்காமலும் போகலாம். ஊழியர் எண்ணைத் தட்டிப் பார்த்தால் ஒன்றும் வராது. அதைவிட மோசம், கணினியில் திருத்தித் தயாரித்த போலிக் காகிதம். டிக்கெட் இல்லை என்பது ஒரு குறைபாடு, பணம் கட்டினால் தீர்ந்துவிடும். போலியைக் காட்டுவது அதிகாரியிடம் பொய் சொன்னதாகிவிடும், அடுத்தடுத்த விசா விண்ணப்பங்களிலும் அது பின்தொடரும். ஒரு டிக்கெட் பணத்தை மிச்சம் பிடிக்க அந்த ஆபத்தை யாரும் எடுக்கக் கூடாது.

நேர்மையான வழிகள் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை. முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் வகை டிக்கெட்டை எடுத்து, திட்டம் உறுதியானதும் ரத்து செய்யலாம். விலை கூடுதல், பணம் திரும்ப நாளாகும், ஆனாலும் அது மெய்யான டிக்கெட். தேதி மாற்ற அனுமதிக்கும் ரிட்டர்ன் டிக்கெட் எடுப்பது நீண்ட பயணிகளுக்கு இன்னும் பொருத்தம். அருகிலுள்ள நாட்டுக்கு ஒரு மலிவான விமான டிக்கெட் எடுத்து, பயன்படாவிட்டால் போகட்டும் என்று விடுபவர்களும் உண்டு. அமெரிக்காவைத் தொடும் விமானங்களுக்கு மட்டும், பயணத்துக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கையில் விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் 24 மணி நேரம் நிறுத்திவைக்கவோ அந்நாட்டு விதி இடம் தருகிறது. கிளம்பும் வரை ரத்து செய்யாமல் வைத்திருப்பதற்கு இந்த 24 மணி நேரம் பெரும்பாலும் போதாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பஸ், ரயில், கப்பல் டிக்கெட் செல்லுமா? நாட்டுக்கு நாடு மாறும். தரைவழியாகப் போகப்போகிறவர்கள் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கவுன்ட்டரில் மறுத்தேவிட்டால்? முதலில், அந்த இடத்திலேயே போனில் டிக்கெட் எடுக்க நேரம் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு சிக்கல் தீரும். உங்களிடம் எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றவில்லை என்றால், மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். விமானப் பயணிகளின் உரிமைகள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறையில், பயண ஆவணம் போதாமல் ஏற்ற மறுத்தால் இழப்பீடு கிடையாது. ஆனால் ஆவணம் போதுமா போதாதா என்பதில் விமான நிறுவனம் சொல்வதே இறுதி அல்ல, பயணி அதை ஏற்காவிட்டால் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. எழுத்தில் காரணம் இல்லையென்றால் அந்த உரிமையை நிலைநாட்டுவது கடினம்.

உள்ளே நுழைந்த பிறகு டிக்கெட் தேதியை மாற்றலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பொதுவாக மாற்றலாம், புதிய தேதி உங்களுக்குத் தந்த அனுமதி நாள்களுக்குள் இருக்க வேண்டும். அந்த நாளை விசாவில் உள்ள காலாவதித் தேதியில் தேடாதீர்கள். நுழையும்போது பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையிலோ, மின்னணுப் பதிவிலோ இருக்கும் தேதிதான் கணக்கு.