குமிழைத் திருப்பினால் ஏன் ஒரு கணம் மௌனம்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டிலேயே ஒரு டாக் செய்தேன். சிடி பிளேயர், டிவி, கணினி மூன்றையும் அதில் செருகி, ஒரு குமிழ் வைத்து மாற்றிக்கொள்கிறேன். மாற்றும்போதெல்லாம் அரை நொடி சத்தமே வருவதில்லை. சில சமயம் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஓர் அடி வேறு. பழைய ஆம்ப்ளிஃபயரில் டேப்பிலிருந்து ரேடியோவுக்கு மாற்றினால் பாட்டு உடனே வந்துவிடுமே?"

டாக் என்பது எண்களை ஒலிக்கான மின்னழுத்தமாக மாற்றும் கருவி. பழைய ஆம்ப்ளிஃபயருக்குள் வந்ததே மின்னழுத்தம்தான். ஒரு கம்பியை விட்டு இன்னொரு கம்பியைத் தொட்டால் போதும், வேலை முடிந்தது. டாக்குக்கு வருவது எண்கள். அந்த எண்களை எந்த வேகத்தில் படிக்க வேண்டும் என்று சொல்லும் கிளாக்கும் அதே கம்பியில்தான் வருகிறது. குமிழைத் திருப்பும்போது பாட்டோடு சேர்ந்து கிளாக்கும் மாறுகிறது. அரை நொடி மௌனத்துக்குக் காரணம் அதுதான்.

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து கொண்டுவந்த எஸ்பிடிஐஎஃப் முறையில்தான் சிடி பிளேயரும் டிவியும் பேசுகின்றன. செம்புக் கம்பியில் போனாலும், டோஸ்லிங்க் இழையில் சிவப்பு ஒளியாகப் போனாலும் சேதி ஒன்றே. இடது, வலது, கிளாக் எல்லாம் ஒரே வழியில் எப்படி வருகின்றன? இந்தச் சாதனத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

விதி இரண்டே வரி. ஒவ்வொரு பிட்டும் தொடங்கும்போது மின்னழுத்தம் கட்டாயம் ஒருமுறை மாறும்: மேலே இருந்தால் கீழே, கீழே இருந்தால் மேலே. அந்த பிட் 1 என்றால் நடுவில் இன்னொரு முறை மாறும்; 0 என்றால் நடுவில் சும்மா இருக்கும். அவ்வளவுதான்.

இதனால் கிடைக்கும் வசதிகளைப் பாருங்கள். பாட்டில் முழு அமைதி, எல்லாம் 0 என்றாலும் கம்பியில் மாற்றம் நிற்பதே இல்லை. பெறும் சிப்புக்குக் கிளாக் எப்போதும் கையில் இருக்கும். மேல், கீழ் என்பதற்குத் தனிப் பொருள் கிடையாது, மாறியதா என்பது மட்டுமே கணக்கு. ஆகவே இரண்டு கம்பிகளைத் தலைகீழாக இணைத்தாலும் பாட்டு சரியாகவே வரும். மேலேயும் கீழேயும் இருக்கும் நேரம் சமமாகிவிடுவதால் கெப்பாசிட்டர், சிறு டிரான்ஸ்ஃபார்மர் எதன் வழியாகவும் சிக்னல் தடையின்றிப் போகும்.

சரி, பிட் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிட்டது. இடது காதுக்கான எண் எங்கே தொடங்குகிறது? ஒவ்வொரு எண்ணும் 32 பிட் கொண்ட ஒரு பொதியாக வருகிறது. அதன் முதல் 4 பிட் இடத்தில், மேலே சொன்ன விதியை வேண்டுமென்றே மீறுகிறார்கள்! விதிப்படி மின்னழுத்தம் இரண்டு அரைபிட்டுக்கு மேல் ஒரே நிலையில் நிற்க முடியாது. பொதியின் தலையில் மட்டும் அது மூன்று அரைபிட் நிற்கும். அரைபிட்டுகளாக எழுதினால் 11101000, 11100010, 11100100 என்று மூன்று வடிவங்கள். ஒன்று இடதுக்கு, ஒன்று வலதுக்கு, இன்னொன்று 192 இடது-வலது இணைகள் கொண்ட ஒரு தொகுதியின் தொடக்கத்துக்கு. சிடியின் வேகத்தில் ஓர் அரைபிட் சுமார் 177 நானோநொடி. மூன்று சேர்ந்தால் 531. எந்தப் பாட்டை ஓட்டினாலும் அதன் எண்களால் இந்த 531 நானோநொடி நிறுத்தத்தைத் தவறியும் உண்டாக்க முடியாது. இலக்கணத்தை மீறியே இலக்கணத்துக்கு நிறுத்தக்குறி போட்ட ஆள் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

இனி பெறும் சிப்பின் வேலை. அதற்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஓர் ஆஸிலேட்டர், அதாவது சீரான துடிப்பை உண்டாக்கும் சுற்று, இருக்கிறது. வரும் மாற்றங்களோடு ஒப்பிட்டு, பின்தங்கினால் முடுக்கி, முந்தினால் இழுத்துப் பிடித்து, கடைசியில் ஒத்துப்போய்விடும். பாடகர் பாதியில் இருக்கும்போது மேடையேறும் மிருதங்கக்காரர் காலப்பிரமாணத்தைப் பிடித்த பிறகே கை வைப்பார் இல்லையா, அதே கதை. இதற்குத்தான் 'லாக்' ஆவது என்று பெயர். ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்கினார்கள் என்பதே மாதிரிக் கணக்கு. சிடியின் 44,100 மாதிரிக்கு டாக்கின் தலைமைக் கிளாக் பெரும்பாலும் 11.2896 மெகாஹெர்ட்ஸ், டிவியின் 48,000-க்கு 12.288. இரண்டும் 44,100 என்றே இருந்தாலும் தப்பிக்க முடியாது. சாதாரணக் கருவிகளின் கிளாக் பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குவரை பிசகலாம் என்று தரவிதியே அனுமதிக்கிறது. அதாவது நொடிக்கு 44 மாதிரிகள் கூடலாம், குறையலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிடித்தாக வேண்டும். ஜிட்டரை, அதாவது கிளாக் துடிப்பின் சிறு நடுக்கத்தை, நன்றாக வடிகட்டும்படி அமைத்த சுற்று நிதானமாகவே பிடிக்கும், அது தவிர்க்க முடியாதது. ஆனால் வாசகரின் அரை நொடி முழுவதும் இதற்கே போவதில்லை. பெரும்பகுதி, வடிவமைத்தவர் பாதுகாப்புக்காக ஒலியை அடைத்துவைக்கும் மியூட்.

குமிழுக்குப் பின்னால் என்ன போடுவது? சிஎஸ் 8416 போன்ற பெறும் சிப்பில் எட்டு உள்ளீடுகளும் தேர்வு சுவிட்சும் உள்ளேயே இருக்கின்றன, வேலை மிச்சம். டிஐஆர் 9001 மாதிரி ஒற்றை உள்ளீட்டுச் சிப் என்றால் வெளியே ரிலேயோ (மின்சாரத்தால் தட்டும் சுவிட்ச்) மல்டிபிளெக்சரோ (பல உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சிப்) வேண்டும். கம்பியில் வருவது அரை வோல்ட்தான், லாஜிக் சிப்புக்கு அது போதாது. அதற்கு மேலைக் கீழாகவும் கீழை மேலாகவும் புரட்டும் 74எச்சியூ04 இன்வெர்ட்டர் சிப்பின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, அதை மேலுக்கும் கீழுக்கும் நட்டநடுவில் தொங்கவிட்டு ஆம்ப்ளிஃபயராக்கிவிடுவார்கள். சிக்னல் தலைகீழாகும்; அதனால் என்ன, நமக்குத்தான் மேல் கீழ் கிடையாதே! ஒன்றும் செருகாத உள்ளீட்டில் மட்டும் இது தானாகவே உளறும். மல்டிபிளெக்சர் சிப்புக்குள் அந்த உளறல் பக்கத்து உள்ளீட்டிலும் கசிந்து ஜிட்டர் ஆகலாம். அதனால் நான் ரிலே கட்சி. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சின்ன சிக்னல் ரிலேயே போதும்.

கேபிள் பற்றியும் ஒரு வார்த்தை. இதற்குத் தேவை 75 ஓம் கேபிள், அது உண்மை; வேறு ஓம் என்றால் சிக்னல் முனையில் மோதித் திரும்பும். ஆனால் வீட்டுக் கேபிள் டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 கூட 75 ஓம்தான். அம்புக்குறி அச்சடித்து, 'இந்தத் திசையில்தான் இசை பாயும்' என்று ஆயிரக்கணக்கில் விற்கும் டிஜிட்டல் கேபிளுக்கும் மந்திரித்த தாயத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் காசில் நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம்.

அந்த 'டப்' மட்டும் இயல்பானதல்ல. பாட்டு ஓடும்போதே கிளாக்கைப் பிடுங்கினால், டாக் கடைசியாக நின்ற மின்னழுத்தத்திலிருந்து வேறொன்றுக்குச் சட்டென்று தாவுகிறது. ஸ்பீக்கர் கூம்பும் கூடவே தாவுகிறது. வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் மியூட், அப்புறம் ரிலே, அப்புறம் 'இன்னும் லாக் ஆகவில்லை' என்று சொல்லும் சிப்பின் பிழை முனை அடங்கும்வரை பொறுத்திருப்பது, கடைசியாக மியூட்டை விடுவிப்பது. ஆர்டுயினோ என்னும் சின்ன நிரல் பலகை இருந்தால் பத்துப் பதினைந்து வரி நிரல். குமிழை வேகமாகச் சுழற்றினால் நடுவில் வரும் உள்ளீடுகளுக்கெல்லாம் ரிலேயைத் தட்டாமல், கை நின்ற பிறகு ஒரே முறை மாற்றச் சொல்லுங்கள்.

மியூட்டை விடுவிக்கும் முன் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு 192 இணைத் தொகுதியிலும் மூலத்தின் விவரங்கள் ஒவ்வொரு பிட்டாக வந்துகொண்டிருக்கும். 'இது நேரடி ஒலி எண்கள் இல்லை' என்று சொல்லும் பிட்டும் அதில் உண்டு. டிவி, ஒலியைச் சுருக்கி அனுப்பும் டால்பி முறையில் அனுப்பினால் சிப் அழகாக லாக் ஆகிவிடும், ஆனால் சுருக்கிய தரவையே ஒலி என்று நம்பி டாக் காது கிழியும் இரைச்சலாக வாசிக்கும். அந்த பிட் 1 என்றால் மியூட்டை விடவே கூடாது. டிவி மெனுவில் டிஜிட்டல் ஒலி வெளியீட்டை பிசிஎம் (சுருக்காத நேரடி ஒலி எண்கள்) என்று மாற்றிவிட்டு, முதல் தடவை வால்யூமைக் குறைத்து வைத்தே சோதியுங்கள்.