மீன் எங்கே?

ஒரு துடுப்புத் துண்டு, ஒரு டிஎன்ஏ வரிசை, "தரவுத்தளத்தோடு 99 சதவீதம் ஒத்துப்போகிறது, எனவே முகில் செஃபாலஸ்" என்று ஒரு வரி. மீன் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. மடவைகளின் வகைப்பாட்டைத் திருத்தி எழுதும் வேலையில் இப்படி வந்து சேரும் பதிவுகளுக்குக் கணக்கே இல்லை. (முகில் என்றால் மேகமல்ல, லத்தீனில் மடவை. முகில் செஃபாலஸ் ஒரு மடவை இனத்தின் அறிவியல் பெயர்.)

தரவுத்தளத்தில் இருக்கும் பெயர், வரிசையைப் பதிவேற்றியவர் எழுதிய பெயர். அவ்வளவுதான். அவர் மீனைச் சரியாக இனங்கண்டாரா என்று எந்தக் கணினியும் பார்ப்பதில்லை. ஒருவர் தப்பாக எழுத, அடுத்தவர் அதோடு ஒப்பிட்டு அதே தப்பை எழுத, பத்தாவது ஆளுக்கு அது கல்வெட்டு. செஃபாலஸ் விஷயத்தில் குழப்பம் இரட்டிப்பு. உயிரினங்களுக்கு இருசொல் பெயர்முறை தந்த லின்னேயஸ் 1758-ல் அந்தப் பெயரை வைத்தது ஐரோப்பியக் கடல் மீனுக்கு. இன்று உலகின் வெப்பக் கடலோரங்களில் அதே பெயரில் உலவுபவை பத்துக்கும் மேற்பட்ட மரபுக் கிளைகள். வடமேற்குப் பசிபிக்கில் மட்டும் 3 கிளைகள். உங்கள் 99 சதவீதம் இவற்றில் எதோடு? இனங்காண வழக்கமாகப் பயன்படும் சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் நாம் படிக்கும் சுமார் 650 எழுத்துகள் தாய்வழியில் மட்டும் வருபவை. கலப்பினக் குஞ்சும் தாயின் பெயரைத்தான் சொல்லும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக்களையும் பாருங்கள்.

"3 சதவீதம் வேறுபடுகிறது, புது இனம்!" என்று குதிப்பவர்களும் கொஞ்சம் பொறுங்கள். இணைப்பெயர்ப் பட்டியலில், அதாவது ஒரே இனத்துக்கு வைத்ததாகக் கருதி ஒதுக்கிய பெயர்களின் பட்டியலில், பழைய பெயர்கள் தூங்குகின்றன. செங்கடல் மீனுக்கு இயற்கையியலாளர் ஃபோர்ஸ்காலின் 1775 நூலில் வைக்கப்பட்ட முகில் அவுர் அவற்றில் ஒன்று. கிளை தனி இனமென்று நிலைத்தால் முந்தைய பெயருக்கே உரிமை. பேரினம் மாறும்போது இலக்கணமும் பாருங்கள்: லைசா அவுராட்டா இப்போது செலோன் அவுராட்டஸ், ஏனெனில் அது பெயரடை, பேரினப் பெயரின் பாலுக்கேற்ப மாறும். ஆனால் லைசா ராமடா செலோன் ராமடா ஆனபோதும் ராமடா அப்படியேதான், அது பெயர்ச்சொல்.

மீன் புதிதாக இருக்கும்போதே துடுப்புகளை விரித்து ஊசி குத்தி, அளவுகோலோடு இடப்பக்கத்தைப் படமெடுங்கள். அந்தப் பக்கத்தில் கத்தி படவே கூடாது. சதையை வலப்பக்கத்தில் எடுத்து, அதைப்போல் 10 மடங்கு 95% எத்தனாலில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். அதன் பிறகுதான் முழு மீனைக் கெடாமல் வைக்க ஃபார்மலின். அதில் ஊறியபின் சதை கேட்காதீர்கள், டிஎன்ஏ அதற்குள் சிதைந்திருக்கும். ஃபார்மலின் கரைசல் என்றால் கடையில் வாங்கியதில் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. பெரிய மீனுக்கு வயிற்றறைக்குள்ளும் செலுத்துங்கள், இல்லையென்றால் உள்ளே அழுகும். ஒரு வாரம் கழித்து, தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, 70% எத்தனாலுக்கு மாற்றலாம். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள் போடுங்கள். மூடியில் ஒட்டுவது வேண்டவே வேண்டாம், மூடிகள் இடம் மாறும்.

பல மீன்களில் செதில் எண்ண உதவும், உடலின் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோடு மடவைக்குக் கிடையாது. எனவே செதில் வரிசையை எங்கே தொடங்கி எங்கே முடித்தீர்கள் என்று எழுதாத எண்ணிக்கையால் பயனில்லை. செதில் உதிர்ந்திருந்தால் அது இருந்த பையை எண்ணுங்கள். நீளம் வால் கவை வரை அல்ல. வாலை மடக்கினால் விழும் மடிப்பு வரை.

குஞ்சுகளில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வளர்ந்த செஃபாலஸின் குதத் துடுப்பில் 3 முள், 8 கதிர். சுமார் 4 செ.மீ.க்குக் கீழே மூன்றாவது முள் இன்னும் மென்கதிர்தான். எண்ணினால் 2, 9 என்று வரும். கண்ணை மூடும் கொழுப்பு இமையும் போகப்போகத்தான் வளரும். இவற்றை வைத்துப் புது இனம் அறிவிக்காதீர்கள்.

தயவுசெய்து, வரிசை எடுத்த மீன்களில் ஒன்றையாவது அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, அதன் பதிவு எண்ணை டிஎன்ஏ பதிவில் சேருங்கள். பெயர் உறுதியில்லையென்றால் "முகில், இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அந்தப் பதிவைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.