விம்மல் அடங்கும் நேரம்

ஒத்திகைக்கு முன்னால் கிளாரினெட் வரிசையில் ஒருவர் பி ஃபிளாட் சுரத்தைப் பிடித்து நிறுத்துகிறார். பக்கத்தில் இருப்பவர் அதே சுரத்தை எடுத்துச் சேர்கிறார். சேர்ந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் ஒலி ஒரே சீராக நிற்காமல் 'ம்வா, ம்வா, ம்வா' என்று ஏறி இறங்குகிறது. இரண்டாமவர் ஊதுவாய்க்குக் கீழே இருக்கும் பேரல் என்ற சிறு துண்டை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிட்டு மறுபடி ஊதுகிறார். ஏற்ற இறக்கம் நிதானமாகிறது. இன்னும் கொஞ்சம் இழுக்கிறார். அப்புறம் அது நின்றே போகிறது, இரண்டு கிளாரினெட்டும் ஒன்றாகிவிடுகின்றன.

பள்ளி இயற்பியலில் இதற்கு 'விம்மல்' என்று பெயர். ஒரு கிளாரினெட் நொடிக்கு 466 முறையும் இன்னொன்று 469 முறையும் அதிர்ந்தால், இரண்டு அலைகளும் நொடிக்கு மூன்று தடவை கைகோத்து வலுக்கும், மூன்று தடவை மோதி மெலியும். 466-ஐயும் 467-ஐயும் தனித்தனியாக ஊதிக் காட்டினால் எது உயர்ந்தது என்று நம்மில் பெரும்பாலோருக்குச் சொல்லத் தெரியாது. சேர்த்து ஊதினால் நொடிக்கு ஒரு விம்மல் எந்தக் காதுக்கும் பளிச்சென்று கேட்கும். ஆக, பிறவியிலேயே சுருதி ஞானம் வாய்த்தவர்களால்தான் சுத்தமாக ஊத முடியும் என்பது உண்மையில்லை. பக்கத்தில் ஒருவர் ஊதினால் போதும், பிழை தானே பெரிதாகிக் காதுக்கு வந்துவிடும்.

பெரியவர்கள் சேர்ந்து நடத்தும் சமூக கான்சர்ட் பேண்ட் என்பதே இந்த வசதியின் மேல் நிற்கிற அமைப்பு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பகலெல்லாம் வேறு வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பள்ளியில் கற்றதை இருபது வருடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் என்று நாற்பது ஐம்பது பேர் வாரத்தில் ஒரு மாலை கூடுகிறார்கள். வயலின் வகையறா கிடையாது. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன், டூபா, பின்வரிசையில் தாளக் கருவிகள். ஒவ்வொருவர் திறமையும் ஒவ்வொரு மாதிரி. ஆனாலும் கேட்பவர் காதில் விழுவது ஒரே இசை. இது எப்படி நடக்கிறது?

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கருவிகளுக்குள்ளே பாடுவது உலோகமோ மரமோ இல்லை, குழாயில் அடைபட்ட காற்று. ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு சுமார் 343 மீட்டர். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் வேகம் 0.6 மீட்டர் கூடும். வேகம் கூடினால் சுருதியும் ஏறும். குழாய்க்குள் இருக்கும் காற்று 10 டிகிரி சூடானால் சுருதி கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் (பியானோவில் ஒரு கட்டைக்கும் அதற்கு அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி) மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். சூட்டில் பித்தளை விரிவதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான டிரம்பெட் குழாய் 10 டிகிரிக்கு விரிவது கால் மில்லிமீட்டர் அளவுதான். அதுவும் குழாய் நீண்டால் சுருதி இறங்கத்தானே வேண்டும்? ஏற்றுவது காற்று. அதனால்தான் குளிர்ந்த அறையில் பெட்டியைத் திறந்ததுமே சுருதி சேர்ப்பதில் பயனில்லை. பத்து நிமிடம் ஊதி, மூச்சின் சூடு உள்ளே பரவிய பிறகு சேர்த்தால்தான் நிற்கும். நடுவில் அரை மணி நேரம் சும்மா வைத்திருந்த கருவி மறுபடி இறங்கியிருக்கும்.

சரி, ஒரு சுரத்தைச் சேர்த்துவிட்டால் மற்றவை தானாகச் சேர்ந்துவிடுமா? சேராது. கிளாரினெட்டில் பேரலை இழுத்தால் குழாய் கொஞ்சம் நீள்கிறது. துளைகளை எல்லாம் மூடி ஊதும் அடிச்சுரத்துக்கு அந்த நீளம் பெரிதில்லை; மேலே சில துளைகள் மட்டும் மூடிய குட்டைச் சுரங்களுக்கோ அது பெரிய பங்கு, அவை அதிகம் இறங்கிவிடும். டிரம்பெட்டின் சிக்கல் வேறு. அதன் மூன்று வால்வுகளும் ஆளுக்கொரு குறிப்பிட்ட நீளத்தைக் குழாயோடு சேர்க்கின்றன. முதல் வால்வு சுமார் 12 சதவீதம், மூன்றாவது சுமார் 19 சதவீதம். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் 31 சதவீதம் கிடைக்கும். ஐந்து அரைச்சுரம் கீழே இறங்கத் தேவைப்படுவதோ 33-க்கும் மேல். மூன்று சென்டிமீட்டர் போல குறைகிறது, சுரம் உயர்ந்தே ஒலிக்கும். அதை ஈடுகட்டத்தான் மூன்றாம் வால்வின் சறுக்குக் குழாயில் ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். வாசிப்பவர் அதில் விரலை மாட்டி, அந்தச் சுரம் வரும் நொடியில் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளுகிறார். சறுக்கு 'யு' வடிவம், அதனால் தள்ளியதைப் போல இரண்டு மடங்கு நீளம் கூடும். தேர்ந்த டிரம்பெட்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த விரல் ஓயாமல் நகர்வதைப் பார்க்கலாம். எந்தக் காற்றுக் கருவியும் பிறக்கும்போதே முழுச் சுருதியோடு பிறப்பதில்லை. உதடும் விரலும் காதும் சேர்ந்து சுரத்துக்குச் சுரம் அதைத் திருத்திக்கொண்டே போகின்றன.

பேண்டில் ஒரே பகுதியை மூன்று நான்கு பேர் வாசிப்பது வழக்கம். சத்தம் கூட்டத்தான் என்று தோன்றும். ஒருவருக்குப் பதில் பத்துப் பேர் ஊதினால் ஒலி 10 டெசிபல் கூடும். அது நம் காதுக்குப் பத்து மடங்காகக் கேட்காது, ஏறக்குறைய இரண்டு மடங்குதான். உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. பத்துப் பேரின் சுருதியும் மயிரிழையளவு வேறுபட்டால், நாற்பத்தைந்து இணைகளின் விம்மல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கரைந்து, ஓர் அகலமான மினுமினுப்பு மிஞ்சும். காது அதன் நடுமையத்தைத்தான் சுரமாக எடுத்துக்கொள்கிறது. சின்னப் பிழைகளைக் கூட்டம் விழுங்கிவிடும். பெரிய பிழையை விழுங்காது, அது துருத்திக்கொண்டு நிற்கும். சுமாராக வாசிப்பவருக்கும் இடம் இருக்கிறது, ஆனால் கவனமில்லாதவருக்கு இல்லை என்பது இதன் பொருள்.

மூச்சையும் இப்படித்தான் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பன்னிரண்டு மாத்திரை நீளும் ஒரு சுரத்தை ஒரே மூச்சில் பிடிக்க எல்லோராலும் முடியாது. ஆகவே பக்கத்தில் இருப்பவரோடு பேசி வைத்துக்கொள்வோம்: 'நான் ஐந்தாவது மாத்திரையில் மூச்சு எடுக்கிறேன், நீங்கள் ஏழில் எடுங்கள்.' மெல்ல விலகி, மெல்லத் திரும்பிச் சேர வேண்டும். கேட்பவருக்கு மூச்சே விடாத ஒரு கருவி ஒலிப்பது போல இருக்கும். எனக்கு பேண்டிலேயே மிகவும் பிடித்த உடன்படிக்கை இது.

தாளத்தில் மட்டும் காதை நம்பக்கூடாது. முன்வரிசைப் புல்லாங்குழலுக்கும் பின்வரிசை முரசுக்கும் பத்து மீட்டர் இடைவெளி என்று வையுங்கள். ஒலி அதைக் கடக்க 29 மில்லிநொடி ஆகும். முரசுக்காரர் குழலைக் கேட்டு அடித்தால் 29 தாமதம். அந்த அடி முன்வரிசைக்கு வந்து சேர இன்னொரு 29. வேகமான மார்ச்சில் இது நன்றாகவே தடுக்கும். நடத்துனரின் கோலைப் பார்த்து அடித்தால் முதல் 29 இல்லாமல் போய்விடும். சுருதிக்குக் காது, தாளத்துக்குக் கண்.

ஒரு பகுதிக்கு ஒருவர் மட்டும் என்ற எதிர்வழியும் உண்டு. 1952-ல் ஃபிரெடெரிக் ஃபென்னல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் தொடங்கிய குழு அப்படிப்பட்டது. ஒவ்வொரு இழையும் தெளிவாகக் கேட்கும், அருமையான ஒலி. அதற்கு ஒவ்வொருவரும் தனித்து நிற்கக்கூடியவராக இருக்க வேண்டும். சமூக பேண்ட் ஆளைச் சேர்த்து ஊதுவதை அதற்குப் பதிலான சமாளிப்பு என்று நான் நினைக்கவில்லை. அது தனி ஒலி, தனி அழகு. பென்சில்வேனியாவின் ஆலன்டவுன் பேண்டுக்கு 1828 வரை பின்னோக்கிப் போகும் வரலாறு இருக்கிறது. 1991-ல் ராய் எர்ன்ஸ்ட் அதே ஈஸ்ட்மன் பள்ளியில், வயதானவர்கள் முதன்முறையாகக் கருவியைக் கையில் எடுத்துக் கற்க ஒரு பேண்டைத் தொடங்கினார். அந்த வழியில் பிறகு பல ஊர்களில் குழுக்கள் முளைத்தன. கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி உட்காருபவர்களை மட்டும் வைத்து ஓர் ஊரின் இசை வாழ்க்கையை அளப்பவர்கள் இந்த மனிதர்களைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

இசையமைப்பாளர்களும் இவர்களை அறிந்தே எழுதியிருக்கிறார்கள். குஸ்டாவ் ஹோல்ஸ்ட் 1909-ல் எழுதிய ஈ ஃபிளாட் 'சூட்' என்ற தொடர் இசைப்படைப்பில் பல கருவிகளின் பகுதிகளை, ஆள் இருந்தால் வாசிக்கலாம், இல்லாவிட்டால் விடலாம் என்றே குறித்திருக்கிறார். பேண்ட் தாள்களில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஓபோவின் தனிப்பகுதி வரும் இடத்தில், கிளாரினெட்காரரின் தாளிலும் அதே சுரங்கள் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். 'கியூ' என்பார்கள். ஓபோ வராத நாளில் அதை இவர் எடுத்து வாசிக்க வேண்டும்.

எங்கள் குழுவில் ஓபோ வாசிக்கும் அக்கா ஒரு முறை இரண்டு மாதம் வர முடியாமல் போனது. எட்டு வாரம் அந்தப் பொடி எழுத்துகளை நான் வாசித்தேன். ஒன்பதாம் வாரம் அவர் வந்து உட்கார்ந்தார். அந்த இடம் வந்ததும் கிளாரினெட்டை மடியில் இறக்கி வைத்தேன். முதல் சுரம் சற்று இறங்கித்தான் வந்தது, கருவி இன்னும் சூடாகவில்லை. மூன்றாவது சுரத்துக்குள் அவர் உதட்டால் அதை ஏற்றிவிட்டார்.